நித்திரையில் அடைபடும் தொண்டை

நெடுந்தீவில் இருப்பவர் யாழ்ப்பாணம் போய் ஒரு ஸ்கான் எடுப்பதென்றால் குறிகட்டுவானுக்கு ஒரு மணி நேரப் படகு, பிறகு புங்குடுதீவு, வேலணை தாண்டி பஸ். குறட்டைக்காக இந்தப் பாடு பட வேண்டுமா?

மூக்குக்குப் பின்னாலிருந்து குரல்வளை வரையுள்ள தொண்டைக்கு எலும்புக் கூடு இல்லை; தசைகளே அதைத் திறந்து வைத்திருக்கின்றன. நித்திரையில் அவை தளர, மென்னண்ணமும் அடிநாக்கும் பின்னால் சரியும், பக்கச் சுவர்கள் உள்ளே ஒடுங்கும். வழி குறுகினால் குறட்டை. முற்றாக அடைபட்டு 10 வினாடியாவது மூச்சு நின்றால் மூச்சுத்தடை. ஒட்சிசன் இறங்கியதும் மூளை ஆளை அரைகுறையாக உலுப்பி எழுப்பிவிடும். நோய் கடுமையானவருக்கு மணிக்கு 30 தடவை, அதற்கும் மேல். விடிந்தபின் அவருக்கு ஒன்றும் நினைவிராது. பக்கத்தில் படுத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

அடைப்பு எங்கே என்று தேடியவர்களுக்கு முதலில் உதவியது பக்கவாட்டு எக்ஸ்ரே. தாடை பின்தங்கியிருப்பதை அதில் அளக்கலாம். தொண்டையின் அகலத்தை அளக்க முடியாது. சீ.ரி.யும் எம்.ஆர்.ஐ.யும் தொண்டையைக் குறுக்கு வெட்டாகக் காட்டிய பிறகே கதை மாறியது. நாக்கையே எல்லோரும் குற்றஞ்சாட்டிக்கொண்டிருக்க, 1990களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ரிச்சர்ட் ஷ்வாப் குழுவினர் தடித்த பக்கச் சுவர்களைச் சுட்டிக்காட்டினார்கள். நாக்கும் தப்பவில்லை. 2020இல் அதே குழு, உடல் எடையில் ஏறத்தாழ 10 சதவீதம் குறைத்த 67 பேரின் எம்.ஆர்.ஐ. படங்களை ஒப்பிட்டது. மூச்சுத்தடை 31 சதவீதம் குறைந்திருந்தது. அதற்குப் பெரிய காரணம் நாக்கிலிருந்த கொழுப்பு கரைந்ததே. நாக்கும் கொழுக்கும், மெலியும் என்பதை வெறுங்கண்ணால் யார் கண்டார்கள்!

ஆனால் ஸ்கானில் படுத்திருப்பவர் பெரும்பாலும் விழித்திருக்கிறார். நோயோ நித்திரையில் வருவது. எம்.ஆர்.ஐ. போடும் இரைச்சலில் யாருக்கு நித்திரை வரும்? அதனால் நோயை உறுதிசெய்வது படமல்ல, இரவு முழுக்க மூச்சையும் ஒட்சிசனையும் பதியும் பரிசோதனை. பலருக்கு வீட்டிலேயே கட்டிக்கொண்டு படுக்கும் சிறு கருவி போதும். 1981இல் சிட்னியில் கொலின் சலிவன் அறிமுகப்படுத்திய, முகமூடி வழியே காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைக்கும் இயந்திரமே இன்றும் முதன்மைச் சிகிச்சை. அதற்கும் ஸ்கான் தேவையில்லை.

முகமூடி ஒத்துவராமல் தாடையிலோ தொண்டையிலோ சத்திரசிகிச்சை செய்ய யோசிக்கும்போதுதான் படம் உண்மையில் வேண்டும். அப்போதுகூடச் சில வைத்தியர்கள் மருந்தால் மெல்ல உறங்கவைத்து, மூக்கு வழியே கமெராவை விட்டு, அடைபடும் இடத்தை நேரே பார்ப்பதையே நம்புகிறார்கள்.