கோட்டின் மேலேயே பெயர் எழுதுங்கள்

தம்பானூர் ரயில் நிலையம் 1931-இல் திறக்கப்பட்டது. நாகர்கோவிலுக்கு ஒற்றைப்பாதை வந்தது 1979-இல். 71 கிலோமீட்டர். எந்த வண்டி எங்கே ஒதுங்கி எதற்கு வழிவிடும்? அதைக் கட்டுப்பாட்டு அறையின் சார்ட் ஒரே தாளில் காட்டிவிடும்.

கிடையில் நேரம், மேலும் கீழுமாக நிலையங்கள். கோடு நிமிர நிமிர வேகம் அதிகம். படுத்துவிட்டால் வண்டி நிற்கிறது. எதிரெதிர் வண்டிகளின் கோடுகள் வெட்டுமிடம் கிராசிங். அது நிலையத்தில் விழ வேண்டும், நடுவழியில் விழுந்தால் ஆபத்து! நிலையங்களைத் தூரத்துக்கேற்ற இடைவெளியில் குறிக்காவிட்டால் சாய்வு பொய் சொல்லும்.

என்னுடன் பணியாற்றிய ஒருவர், ஓய்வுபெறும் வாரத்தில்தான் சொன்னார்: "சார், எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான்." வண்ணத்தால் மட்டும் பிரித்த சார்ட்டுகளை அத்தனை வருஷம் பக்கத்திலிருப்பவரிடம் கேட்டுக் கேட்டே படித்திருக்கிறார். எனக்கு வெட்கமாகிவிட்டது, அவற்றில் சில நான் வரைந்தவை.

பிள்ளைகளின் பள்ளி வரைபடத்துக்கும் இதே முறைதான். மூலையில் வண்ண விளக்கம் போதாது. பெயரைக் கோட்டின் மேலேயே எழுதுங்கள். ஒன்று முழுக்கோடு, மற்றது புள்ளிக்கோடு. அச்சுகளில் அலகு வேண்டும். கறுப்பு வெள்ளை நகலிலும் புரிகிறதா பாருங்கள். பார்வையற்றவருக்கு, கோடு எங்கே ஏறி எங்கே இறங்குகிறதென்று கீழே இரண்டு வரி. கோட்டின் மேல் நூலை ஒட்டினால் விரலாலும் படிக்கலாம்.