'யெஸ்' எல்லாம் 'ஆமாம்' இல்லை

போன மாதம் அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்க, வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. லால்குடியிலிருந்து ஆறு மாதம் எங்களோடு இருக்க வந்திருக்கிறார். லேப் வாசலில் இறக்கிவிட்டு நான் காரை நிறுத்தப் போனேன். திரும்பி வருவதற்குள் அம்மா வெளியே நிற்கிறார்.

"நாளைக்கு வரச் சொல்லிட்டாங்கடா."

உள்ளே நடந்தது இதுதான். அந்தப் பெண் கேட்டிருக்கிறார்: "யூ டிடின்ட் ஈட் எனிதிங் திஸ் மார்னிங்?" அம்மா உற்சாகமாக "யெஸ், யெஸ்" என்றிருக்கிறார். "ஸோ, யூ ஏட்?" "நோ, நோ." அவருக்குக் குழப்பம். எதற்கு வம்பு என்று அனுப்பிவிட்டார்.

"ஆமா, சாப்பிடலைனுதானே சொன்னேன்! என்ன தப்பு?" என்றார் அம்மா, பசியும் கோபமுமாக.

தமிழில் ஒரு தப்பும் இல்லை. "சாப்பிடலையா?" என்று கேட்டால் "ஆமா, சாப்பிடலை" என்போம். நம் 'ஆமாம்', கேட்டவர் சொல்வது சரி என்கிறது. ஜப்பானியர்களும் இப்படித்தான் பதில் சொல்வார்கள். ஆங்கிலத்தின் 'யெஸ்', கேள்வியைப் பார்ப்பதில்லை. நடந்ததை மட்டும் பார்க்கிறது. சாப்பிட்டிருந்தால் யெஸ், சாப்பிடாவிட்டால் நோ. கேள்வி எப்படி வந்தாலும் சரி. தப்பவே கூடாதென்றால் முழு வாக்கியமாகச் சொல்லிவிட வேண்டும்: "நோ, ஐ டிடின்ட் ஈட்."

அன்று மாலையே சாப்பாட்டு மேஜையில் வகுப்பு தொடங்கியது. 'டிடின்ட் ஏட்' என்று ஏன் சொல்லக்கூடாது என்று அம்மா கேட்டார். இறந்தகாலத்தை 'டிட்' ஏற்கெனவே சுமந்துவிட்டது. அதனால் 'ஈட்' அப்படியே நிற்கும் என்றேன். யோசித்தால், நம் 'சாப்பிடவில்லை'யும் கொஞ்சம் அப்படித்தான். நான் சாப்பிடவில்லை, அவர் சாப்பிடவில்லை, அவர்கள் சாப்பிடவில்லை. யாருக்கும் வினைச்சொல் மாறுவதில்லை. அம்மாவுக்கு அது சட்டென்று பிடித்துவிட்டது.

அடுத்தது மாத்திரை. "பிரஷர் மாத்திரை சாப்பிடுறேன்" என்றால் தமிழில் தினமும் சாப்பிடுவதும் ஆகும், இந்த நிமிடம் சாப்பிடுவதும் ஆகும். ஆங்கிலம் இரண்டையும் பிரிக்கிறது. 'ஐ டேக்' என்றால் வழக்கம். 'ஐ ஆம் டேக்கிங்' என்றால் இப்போது, அல்லது இந்த நாட்களில். இன்று காலை விழுங்கியாயிற்று என்று சொல்ல 'ஐ டுக்' வேண்டும். டாக்டர் "இன்னிக்கு மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்கும்போது "ஐ டேக்" என்று நின்றுவிட்டால், அவருக்கு வேண்டிய பதில் போய்ச் சேராது.

மூன்றாவது, 'இஸ்'. "இவன் என் பையன்." நமக்கு இதில் வினைச்சொல்லே தேவையில்லை. அதனால்தான் "ஹி மை சன்" என்று வருகிறது. ஆங்கில வாக்கியம் வினைச்சொல் இல்லாமல் நிற்காது, "ஹி இஸ் மை சன்." அதேபோல 'ஐ'யையும் விட முடியாது. 'வந்தேன்' என்பதில் 'ஏன்' என்ற விகுதியே நான்தான் என்று சொல்லிவிடும். 'கேம்' என்றால் யார் வந்தது?

புத்தகம் எதுவும் வாங்கவில்லை. கிங்ஸ்டன் லேனில் இருக்கும் சவுத் பிரன்ஸ்விக் நூலகத்தில் குழந்தைகளின் படப்புத்தகங்களை எடுத்து வந்தோம். பேத்திக்கு அம்மா படித்துக் காட்டுகிறார், அவள் திருத்துகிறாள். எனக்குப் பாதி வேலை குறைந்தது.

மறுநாள் லேபுக்கு நானும் கூடவே போனேன். வாயைத் திறக்கக்கூடாது என்று அம்மா உத்தரவு. அதே பெண், அதே கேள்வி. அம்மா ஒரு நொடி நிறுத்தி, "நோ. ஐ டிடின்ட் ஈட்" என்றார். ஊசி போட்டு முடித்து வெளியே வந்ததும், "இப்ப ஐ வில் ஈட்" என்றார்.

உங்கள் வீட்டுக்கும் அம்மா, அப்பா, மாமியார் வந்திருந்தால் இன்றைக்கே ஆங்கிலத்தில் இப்படி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "யெஸ்" என்று வந்தால் சிரிக்காதீர்கள். லேபுக்குப் போவதற்கு முன்பே தெரிந்ததே என்று பக்கத்தில் உட்காருங்கள்.