சக்கரங்களை எண்ணும் காந்தம்

பொம்மிடி நிலையத்தின் நடைமேடையில் நிற்கிறீர்கள். மொரப்பூர்ப் பக்கமிருந்து விரைவு வண்டி ஒன்று வந்து, நிற்காமல் சேலம் நோக்கிப் பாய்ந்து செல்கிறது. அது வந்த பாதையில் அடுத்த வண்டியை விடலாமா? வண்டி முழுவதும் வந்துவிட்டதா, அல்லது கடைசிப் பெட்டி கழன்று வழியில் நிற்கிறதா? பின்னால் வரும் வண்டியில் இருப்பவர்களின் உயிர் இக்கேள்விக்கான விடையில்தான் அடங்கியிருக்கிறது.

கடைசிப் பெட்டியின் பின்னுள்ள அடையாளப் பலகையையும் சிவப்பு விளக்கையும் ஊழியர் கண்ணால் கண்டு உறுதி செய்வது பழைய முறை. பின்னர்த் தண்டவாள மின்சுற்று வந்தது. இரு தண்டவாளங்களுக்கும் இடையே சிறு மின்னழுத்தம் தரப்படும். வண்டியின் இரும்பு அச்சு இரண்டையும் இணைத்ததும் மறுமுனையிலுள்ள ரிலே விழுந்துவிடும். நல்ல முறைதான். ஆனால் மழையில் ஜல்லி நனைந்தால் மின்னோட்டம் கசிந்து, வண்டி இல்லாமலே 'இருக்கிறது' என்று காட்டும். தண்டவாளம் துருவேறியிருந்தாலோ, வண்டி இருந்தும் 'இல்லை' என்று காட்டக்கூடும். முன்னதால் தாமதம் மட்டுமே, பின்னது ஆபத்து.

இதற்கு மாற்றாக வந்ததே 'ஆக்சில் கவுண்டர்' எனப்படும் அச்சு எண்ணி. அதன் கணக்கு மிக எளியது. எஞ்சினுக்கு 6 அச்சுகள்; பெட்டி ஒன்றுக்கு 4. ஆகவே 22 பெட்டிகள் கொண்ட வண்டியில் 88-ம் 6-ம் சேர்ந்து 94 அச்சுகள். பாதைப் பகுதியின் ஒரு முனையில் 94 உள்ளே போய், மறுமுனையில் 94 வெளியே வந்தால் பாதை காலி. 90 மட்டுமே வந்தால்? ஒரு பெட்டி உள்ளே நிற்கிறது என்று பொருள். சிக்னல் சிவப்பிலேயே இருக்கும்.

எண்ணுவது எப்படி? தண்டவாளத்தின் ஒரு பக்கம் ஒரு சுருளும், மறுபக்கம் இன்னொரு சுருளும் பொருத்தப்படுகின்றன. முதற்சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாய்வதால் எழும் காந்தப் பாயம் இரண்டாவதில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. சக்கரம் இடையே வந்ததும் அதன் இரும்பு பாயத்தின் வழியை மாற்றிவிடும். பெறும் சுருளில் அலையின் வலிமை குறையும், அல்லது அதன் கட்டம் மாறும். அதுவே ஓர் எண்ணிக்கை.

'ஒரு நிலைக்காந்தமும் ஒரு சுருளும் போதாதா? ஃபாரடே விதிப்படி மின்னழுத்தம் கிடைக்குமே!' என்று நீங்கள் கேட்கலாம். கிடைக்கும், ஆனால் அது பாயம் மாறும் வேகத்தைப் பொறுத்தது. வண்டி ஊர்ந்து வந்தால் துடிப்பு தேய்ந்துபோகும். சக்கரம் உணரி மேலேயே நின்றுவிட்டால் ஒன்றுமே கிடைக்காது. மாறுதிசை மின்னோட்டத்தில் இயங்கும் சுருளுக்கோ நிற்கும் சக்கரமும் தெரியும். அதன் அதிர்வெண்ணிலும் கவனம் தேவை. மேலே செல்லும் மின்கம்பியில் 25,000 வோல்ட், நொடிக்கு 50 சுற்று. எஞ்சின் இழுக்கும் பெரும் மின்னோட்டம் தண்டவாளம் வழியாகவும் திரும்புகிறது. அந்த இரைச்சலில் மூழ்காதிருக்க, உணரிகளுக்கு நொடிக்குப் பல்லாயிரம் சுற்றுகள் உள்ள அலை ஊட்டப்படுகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. இத்தகைய சுருள் இணைகள் இரண்டு அடுத்தடுத்து வைக்கப்படுகின்றன. முதலில் 'அ', பின் 'அ'வும் 'ஆ'வும், பின் 'ஆ' மட்டும் என்ற வரிசையில் குறிப்பு வந்தால் சக்கரம் உள்ளே போயிற்று. வரிசை தலைகீழானால் வெளியே வந்தது. 'அ', இரண்டும், மறுபடி 'அ' என்று வந்தால் பாதி வந்து திரும்பிவிட்டது. அது கணக்கில் சேராது.

யாரேனும் விளையாட்டாக ஓர் இரும்புத் துண்டை உணரிமேல் கொண்டு சென்றால் கணக்குப் பிசகி, காலியான பாதையிலும் சிவப்பு நிற்கும். வண்டிகள் தாமதமாகும், மோதல் நேராது. பிசகினாலும் பாதுகாப்பான பக்கமே பிசகும்படி அமைப்பதுதான் இங்கு வடிவமைப்பின் உயிர்நாடி. ஆனால் கணக்கை மீண்டும் சுழியாக்கும் பொறுப்பு மனிதரிடம் இருக்கிறது. பாதை உண்மையிலேயே காலியா என்று பார்க்காமல் சுழியாக்கினால் அத்தனை காந்தவியலும் வீண். இந்த அமைப்பில் மிகவும் பலவீனமான இடம் இதுவே என்பது என் கருத்து.

மோட்டார் சைக்கிளிலும் இதன் தம்பி ஒருவன் இருக்கிறான். 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய இருசக்கர வண்டிகள் அனைத்துக்கும் 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் கட்டாயமாக்கப்பட்ட ஏ.பி.எஸ். பிரேக்கில், பல் வளையம் ஒன்று சக்கரத்தோடு சுழல்கிறது. வளையத்தில் 48 பற்கள், சக்கரச் சுற்றளவு 2 மீட்டர் எனக் கொண்டால், 60 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 400 துடிப்புகள். துடிப்புகள் திடீரெனக் குறைந்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது. பிரேக்கின் அழுத்தம் உடனே தளர்த்தப்படும். இங்கே மெல்ல நகரும் பல்லையும் உணரும் ஹால் உணரி பயன்படுகிறது. எட்வின் ஹால் 1879-இல் மெல்லிய தங்கத் தகட்டில் கண்ட விளைவு அது.

இனி ஒளியின் முறை. ஒளியிழையினுள் மிக நுண்ணிய வரிகளைப் பதித்தால், அது ஒரே ஒரு அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும். அந்த இழையைத் தண்டவாளத்தில் ஒட்டிவிட்டால், சக்கரத்தின் எடையால் தண்டவாளம் வளையும்போது இழையும் நீண்டு, திரும்பும் அலைநீளம் சற்றே நகரும். 25,000 வோல்ட்டின் இரைச்சல் ஒளியைத் தொடாது. ஆனால் வெயில் தொடும்! வெப்பத்தாலும் அலைநீளம் நகர்கிறது. நல்லவேளை, வெயில் ஏற மணிக்கணக்காகும்; சக்கரம் கடக்க நொடியின் சிறு பகுதி போதும். மெதுவாக நகர்வதை விலக்கி, சட்டென்று துள்ளுவதை மட்டும் எண்ணச் சொல்கிறார்கள்.