பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை!

நேற்று வரை துள்ளி விளையாடிய குழந்தை. இன்று காரணமில்லாமல் சிரிக்கிறது. மறு நிமிஷம் அலறுகிறது. இரவெல்லாம் தூக்கமில்லை. பேச்சு குறைந்துகொண்டே வந்து நின்றுவிடுகிறது. வாயும் நாக்கும் எதையோ மெல்லுவது போல ஓயாமல் அசைகின்றன. பிறகு வலிப்பு. சில குழந்தைகளுக்கு மூச்சு விடவே இயந்திரத்தின் துணை வேண்டியிருக்கிறது.

"பேய் பிடித்துவிட்டது" என்பாள் பாட்டி. டாக்டர்களும் வெகு காலம் இதை மனநோய் என்றோ, ஏதோ ஒரு வைரஸ் காய்ச்சல் என்றோதான் எண்ணி வந்தார்கள். 2007-ம் வருஷம், அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக் கழகத்தில் டாக்டர் ஜோசெப் டல்மாவும் அவருடைய சகாக்களும் உண்மைக் குற்றவாளியைப் பிடித்தார்கள்.

அவன் வெளியிலிருந்து வந்தவன் அல்ல! கிருமிகளை ஒழிப்பதற்காக உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருளே, மூளை நரம்புகளில் உள்ள 'என்.எம்.டி.ஏ. ஏற்பி' என்ற புரதத்தைத் தாக்குகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். பெர்லின் மிருகக்காட்சிச் சாலையில் 'க்னூட்' என்ற பனிக்கரடி 2011-ல் வலிப்பு வந்து தண்ணீரில் விழுந்து மாண்டதே, அதற்கும் இந்த வியாதிதான் என்று 2015-ல் தெரிய வந்தது!

எம்.ஆர்.ஐ. படம் பல சமயம் சரியாகவே இருக்கும். அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதித்தால்தான் எதிர்ப்பொருள் அகப்படும். முடிவு வர நாள் ஆகும். அதுவரை குழந்தை தாங்குமா? ஆகவே, கிருமித் தொற்று அல்ல என்று ஓரளவு தெளிந்ததுமே சிகிச்சையைத் தொடங்கிவிடுகிறார்கள். ஸ்டீராய்டு ஊசி, இம்யூனோகுளோபுலின், ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றுதல் ஆகியவை முதல் படி. கேட்காவிட்டால் ரிட்டுக்ஸிமாப். பெண்ணாக இருந்தால் சூலகத்தில் கட்டி உண்டா என்றும் பார்க்க வேண்டும். இருந்தால் அகற்ற வேண்டும். மனநோய் என்று எண்ணிக் கொடுக்கும் சில மருந்துகளோ இவர்களை மரக்கட்டை போல விறைக்க வைத்துவிடும்!

"என் பெண் இப்படிப்பட்டவள் இல்லையே, டாக்டர்!" என்று தாய் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்வது எந்தப் பரிசோதனைக்கும் குறைந்ததல்ல என்பேன். 2013-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், சிகிச்சை பெற்ற சிறியோரும் பெரியோருமான சுமார் 500 பேரில் ஐந்தில் நான்கு பேர் இரண்டு வருஷத்துக்குள் நன்றாகத் தேறியிருந்தார்கள். சீக்கிரம் தொடங்கியவர்களுக்குப் பலன் அதிகம்.

தேறுவதும் வந்த வழியே திரும்புவது போலத்தான். முதலில் மூச்சு சீராகும், வாயசைவு ஓயும், பிறகு கண் திறந்து சொன்னதைக் கேட்கும். பேச்சும் பழைய குறும்பும் கடைசியில்தான் வரும். அதற்கு மாதக் கணக்கில் ஆகும்.