கடல் கடந்த மருத்துவக் கல்வி

மகளை வெளிநாட்டில் மருத்துவராக்க, நிலப்பத்திரத்தை ஈடுவைக்கப் புறப்பட்ட திண்டுக்கல் பகுதித் தாய் ஒருவர், திருப்பலி முடிந்ததும் நம்மிடம் கருத்துக் கேட்டார். ஆசை நன்றே, ஆயினும் விதிகளை முதலில் அறிதல் வேண்டும் என்றோம்.

2018 முதல் வெளிநாட்டில் பயில விழைவோரும் நீட் தேர்வில் தகுதி பெறவேண்டும். 2021ஆம் ஆண்டு விதிகளின்படி ஆங்கில வழியில் 54 மாதப் படிப்பும், அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சியும் தேவை. அப்பட்டம் அந்நாட்டிலேயே மருத்துவம் புரியும் உரிமை அளிப்பதாக இருத்தல் வேண்டும். திரும்பியபின் தகுதித் தேர்வில் 300க்கு 150 பெற்று, இங்கும் ஓராண்டுப் பயிற்சி முடிக்கவேண்டும். 2022இல் உக்ரைன் போரால் படிப்பிடையே திரும்பிய பிள்ளைகளின் கண்ணீரை மறவோமாக.

முகவரின் வாய்ச்சொல் போதாது. இவற்றை எழுத்தில் கேளுங்கள். அவர் தயங்கினால், பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும்.