கையொப்பமும் கடவுச்சொல்லும்

காய்ச்சலுக்காக நாம் விழுங்கும் மாத்திரை மருந்துக்கடைக்கு வந்து சேருமுன்னர், அதிலுள்ள மருந்தின் அளவைப் பரிசோதனைச்சாலையில் ஒருவர் கணித்து, மற்றொருவர் அக்கணக்கைச் சரிபார்த்து, இருவரும் கையொப்பமிட்டிருக்க வேண்டும் என்பது நெடுநாளைய நியமம். அந்தக் கையொப்பம் காகிதத்தை விட்டுக் கணினிக்குக் குடிபுகுந்தபோது, அதற்குரிய லட்சணங்கள் யாவை என்பதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997ஆம் ஆண்டில் ‘பகுதி 11’ என்ற விதிகளால் வரையறுத்தது. அந்நாட்டுக்கு மருந்து அனுப்பும் இந்திய ஆலைகளும் அவ்விதிகளுக்கு உட்பட்டவையே.

ஒப்பமிட்டவரின் பெயரும், தேதியும் நேரமும், ‘சரிபார்த்தேன்’ என்றோ ‘அங்கீகரித்தேன்’ என்றோ அவர் ஒப்பமிட்டதன் நோக்கமும் ஆவணத்தோடு சேர்ந்தே தோன்ற வேண்டும். ஓர் ஆவணத்தின் ஒப்பத்தைப் பெயர்த்தெடுத்து மற்றொன்றில் ஒட்டுவது சாதாரண வழிகளால் இயலாததாயிருக்க வேண்டும். இப்பிணைப்புக்கு உதவும் சாதனங்களுள் ஒன்று ‘ஹாஷ்’ என்னும் கணித முறை. ஆவணம் முழுவதையும் ஷா-256 என்ற சூத்திரத்தினுள் செலுத்தினால் 256 பிட் நீளமுள்ள சுருக்கமொன்று கிடைக்கும். மருந்தின் அளவைக் காட்டும் வரைபடமான குரோமட்டோகிராமில் ஒரு பீக்கின் (முகட்டின்) பரப்பில் கடைசி இலக்கம் மாறினாலும் அச்சுருக்கம் அடியோடு வேறாகிவிடும். அதை ஒப்பமிட்டவரின் ரகசியச் சாவியால் முத்திரையிட்டுவிட்டால், பின்னர் செய்யப்படும் திருத்தம் வெளிப்படாமற் போகாது.

ஆயினும், கணிதம் இவ்வளவு காவல் புரிந்தும், ஒப்பத்தின் உயிர்நிலை மனிதரின் பழக்கத்திலேயே இருக்கிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம். இரவு ஷிப்டில், அத்தகைய வரைபடத்தைத் தரும் எச்.பி.எல்.சி. கருவியொன்றின் முன் மூன்று பேர் ஒரே பயனர் பெயரில் வேலை செய்வார்களானால், அங்கே பதிவாகும் ஒப்பம் யாருடையது என்பதை எந்தச் சூத்திரமும் சொல்லாது. ஒருவருடைய ஒப்பத்தை, அவர் வேலையை விட்டு விலகிய பின்னரும்கூட, வேறொருவருக்கு வழங்கலாகாது என்று விதி தடுப்பது இதனாலேதான். தேநீர் அருந்த எழுந்து போகிறவரின் திரை தானாகப் பூட்டிக்கொள்ளாவிடில், பிறர் செய்யும் வேலையெல்லாம் அவர் பெயரிலேயே பதிவாகும்.

விதிகளுள் மிக நுட்பமானதாக எனக்குத் தோன்றுவது இன்னொன்று: பிறருடைய ஒப்பத்தைப் பயன்படுத்த எவரேனும் முயன்றால், இருவராவது கூடினாலன்றி அது கைகூடாதபடி ஏற்பாடு இருக்க வேண்டும். எனவே, ஒப்பமிடுவதற்குரிய கடவுச்சொல்லை மறந்தவருக்குக் கணினி நிர்வாகி தற்காலிகச் சொல்லொன்றை அளித்தாலும், உரியவர் முதல் நுழைவிலேயே அதை மாற்றியாக வேண்டும். மாற்றிய சொல்லை நிர்வாகியும் அறியலாகாது. அந்த நிர்வாகியோ, பரிசோதனை முடிவுகளுக்குப் பொறுப்பானவர்களைச் சேராதவராக இருத்தல் நலம் என்று 2018 டிசம்பரில் வெளியான அமெரிக்க வழிகாட்டி பரிந்துரைக்கிறது.