கவ்வாத்துச் சாமியும் வேரின் இருப்பும்

இலங்கையின் பதுளை, பசறை பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு மலையைக் கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் கவ்வாத்துச் சாமியைக் கும்பிடும் வழக்கம் உண்டு. மலை ஓரத்தில் ஒரு கல்லோ மரத்தடியோ போதும். கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்த பிறகே கத்தி செடியைத் தொடும். கொழுந்து பறிப்புக்குக் கொழுந்துச் சாமி, தொழிற்சாலைக்கு ரோதை முனி என்று மலையக மக்கள் தங்கள் பிழைப்பின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு காவல் தெய்வத்தை வைத்திருக்கிறார்கள்.

கவ்வாத்துக்கு இத்தனை பயபக்தி ஏன்? தேயிலை இயல்பில் மரம். விட்டுவிட்டால் ஓங்கி வளர்ந்து, பூத்துக் காய்த்து, கொழுந்து குறைந்துவிடும். அதனால் 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை வெட்டித் தாழ்த்துகிறார்கள்; அதுதான் கவ்வாத்து. செடிக்கு உணவு சமைப்பது இலைதான். வெட்டிய செடியிலோ இலையே இல்லை. அப்படியானால் புதுத் துளிருக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது?

வேரிலிருந்து! இலைகள் முன்பே உண்டாக்கிய சர்க்கரை அங்கே மாப்பொருளாகச் சேர்ந்திருக்கிறது. வெட்டு விழுந்ததும் அது மீண்டும் சர்க்கரையாகி, உறங்கும் மொட்டுகளை எழுப்புகிறது. இருப்பு குறைந்த செடியை வெட்டினால் அது பட்டுப்போகலாம். ஆகவே பென்சில் கனமுள்ள வேரை நறுக்கி அயோடின் தடவிப் பார்ப்பார்கள். கருநீலம் நன்றாகப் படர்ந்தால் வெட்டலாம். இல்லையென்றால் சில வாரம் பறிக்காமல் செடியை ஓயவிட வேண்டும்.

அயோடின் வேரைப் பற்றிச் சொல்லும். துளிருக்கு வேண்டிய மழையைப் பற்றிச் சொல்லாது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, ஜூலை முதல் செப்டம்பர் வரை பதுளை அடங்கிய ஊவாவில் வறண்டு வீசும். அந்த வாட்டத்தில் இலைக்குள் கூடும் மெத்தில் சாலிசிலேட் போன்ற பொருள்கள்தாம் ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் பெற்ற மணத்தைத் தருகின்றன. ஆனால் கடும் வறட்சியில் கொழுந்து குறையும். குறித்த கிலோ சேராவிட்டால் முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி, கிடைக்காது; அரைப் பேர்தான்.

பிழைப்புக்காக வேண்டுவது மலையகத்தில் மட்டுமல்ல. பிழைப்பு வேண்டி யூதர்கள் ஓதும் வேதப் பகுதிகளில் ஒன்று, யாத்திராகமத்தின் 16ஆம் அதிகாரம். பாலைவனத்தில் வானிலிருந்து விழுந்த மன்னா என்ற உணவை இஸ்ரவேலர் ஒவ்வொருவரும் அன்றன்றைக்கு வேண்டிய அளவே எடுத்தார்கள் என்கிறது அது. அன்றைய பேரை நம்பித் தோட்டத்து லயத்தில் வாழும் குடும்பத்துக்கு இந்த வேண்டுதல் அந்நியமாகத் தோன்றாது. வானம் தந்த மன்னாவையும் மனிதர்தான் குனிந்து பொறுக்க வேண்டியிருந்தது. கவ்வாத்துச் சாமி முன் நிற்பவர்களும் தீட்டிய கத்தியோடுதான் நிற்கிறார்கள். தங்களால் ஆவதைச் செய்து முடித்து, ஆகாத மழைக்காக மட்டும் கைகூப்புகிறார்கள்.